கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போங்கள்

பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. நாம் நிறுத்தவில்லை. கோச்சிங் சென்டரின் வார டெஸ்ட் மதிப்பெண்ணை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "உங்க பையன் எத்தனாவது?" என்று ஊரறியக் கேட்கிறோம். அந்த எண்ணைத் தாண்டி அவனிடம் கேட்க நமக்கு வேறு கேள்வியே இல்லை. பெற்றோரே, இது சரியா?

போட்டி பிள்ளைகளை என்ன செய்கிறது என்று முறையாக ஆராய்கிறவர்கள் எண்ணோடு நிற்பதில்லை. முதலில் நூற்றுக்கணக்கானோரிடம் கேள்வித்தாள் கொடுத்து தூக்கம், டியூஷன், மதிப்பெண் எல்லாவற்றையும் கணக்கெடுப்பார்கள். பிறகு அவர்களில் சிலரோடு தனியாக உட்கார்ந்து நிதானமாகப் பேசுவார்கள். கலப்பு முறை ஆய்வு என்று இதற்குப் பெயர். 'எனக்கு மன அழுத்தம் இல்லை' என்று தாளில் டிக் அடித்த பெண், பேச்சில் ராத்திரி தூக்கமே வருவதில்லை என்பாள். நல்ல ஆய்வாளர் இதில் ஒன்றைப் பொய்யென்று தள்ளிவிட மாட்டார். தாளில் ஏன் மறைத்தாள் என்றுதான் தேடுவார். யாருக்குப் பயந்து மறைத்தாள் என்பது பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும்.

மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வின் தாக்கத்தை ஆராய 2021-ல் தமிழக அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவும் மாணவர் சேர்க்கை விவரங்களை ஆண்டுவாரியாக அலசியதோடு, 86,000-க்கும் மேற்பட்டோரின் கருத்துகளையும் பெற்றது. அதன் கணக்குப்படி, மருத்துவ இடம் கிடைத்தவர்களில் இரண்டாவது, மூன்றாவது முறை எழுதியவர்களின் பங்கு 2016-17-ல் சுமார் 12 சதவீதம். 2020-21-ல் அது 71 சதவீதத்தைத் தாண்டியது. இதைப் பார்த்து நாம் போடும் கணக்கு என்ன? "இன்னொரு வருஷம் படிச்சா கிடைச்சிடும்." அந்த 71 சதவீதம் இடம் கிடைத்தவர்களுக்குள் எடுத்த கணக்கு. மறுபடி எழுதியும் கிடைக்காதவர்கள் அதில் இல்லவே இல்லை! அந்த ஒரு வருஷம் எப்படிப் போகும் என்பதும் அதில் இல்லை. கூடப் படித்தவர்களெல்லாம் கல்லூரிக்குப் போய்விட, சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட வர மறுத்து அறைக்குள் கிடக்கும் பிள்ளையிடம்தான் அதைக் கேட்க வேண்டும்.

கேட்க ஆள் வந்தாலும் நாம் விடுவதில்லை. ஆய்வுக்காக வீட்டுக்கு வருகிறவர் பையனைப் பார்த்துக் கேள்வி கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா, "அவனுக்கு ஸ்ட்ரெஸ் எல்லாம் ஒண்ணும் இல்ல சார், ஜாலியாதான் படிக்கிறான்" என்று முந்திக்கொள்வார். பையன் தலையாட்டுவான். கேள்வித்தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாலோ அம்மா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதுகிறது. நம் மானம் போய்விடும் என்ற பயத்தில் அதன் வாயை அடைக்கிறோம். அப்படிச் சேர்ந்த பதில்களை வைத்து யார் எந்த உண்மையைக் கண்டுபிடிக்க முடியும்? நாளை ஒரு பள்ளியோ அரசோ எதைத் திருத்த முடியும்?

பதினெட்டு வயது நிறையாத பிள்ளையை ஆய்வில் சேர்க்க நம் சம்மதம் கேட்பார்கள். நல்லது. யார் வந்திருக்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள், பெயரை வெளியிடுவார்களா என்று நன்றாக விசாரியுங்கள். பிள்ளைக்கும் இஷ்டமா என்று கேளுங்கள். திருப்தியானால் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அவர்கள் கிளம்பிய பிறகு "என்ன சொன்னே?" என்று துருவாதீர்கள்.