கீற்றுப் பந்தலில் முந்நூறு இலை

சென்ற வாரத்துத் தபாலில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கூட்டுறவு சங்கமொன்றில் குமாஸ்தா வேலை பார்க்கும் அன்பர். ஊரில் சொந்த வீடு, மூன்று மா நன்செய், இரண்டு பெண்கள். மூத்தவளுக்குத் தை மாதத்தில் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. இளையவள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். கையிலுள்ள ரொக்கம் இரண்டரை லட்சம் ரூபாய். சம்பந்தி வீட்டார், "கௌரவமாகச் செய்துவிடுங்கள்" என்று ஒரே வார்த்தை சொல்லிப் போயிருக்கிறார்கள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு உறவினர்கள் கூடி யோசித்ததில் டவுனில் மண்டபம், ஆயிரம் பேருக்கு விருந்து, ஐந்தரை லட்சம் செலவு என்று திட்டம் உருவாகிவிட்டது. குறைகிற மூன்று லட்சத்துக்கு நிலத்தை ஒற்றி வைப்பதா, வட்டிக்கு வாங்குவதா என்று நம்மைக் கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம் என்பதே நம் பதில். ஆனால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. கலியாணத்தை எப்படித்தான் நடத்துவது என்றும் சொல்ல வேண்டும் அல்லவா?

முதலில் அந்த மூன்று லட்சத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கிராமங்களில் "மூன்று வட்டி" என்பது சர்வ சாதாரணமான பேச்சு. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று அதற்கு அர்த்தம். மூன்று லட்சத்துக்கு மாதம் 9,000 ரூபாய். வருஷத்துக்கு 1,08,000. மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் 3,24,000 ரூபாய் கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும். அதற்குள் இளையவளுடைய படிப்பு முடிந்திருக்கும், அல்லது பணமில்லாமல் பாதியில் நின்றிருக்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே நம் மாகாணத்தில் சட்டம் செய்திருக்கிறார்கள். ஆனால் கலியாணத்துக்குக் கடன் வாங்கப் போகிறவர் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டா போகிறார்? ஒற்றியோ இன்னும் மோசம். மூன்று மா என்பது ஏறத்தாழ ஓர் ஏக்கர். வீட்டுக்குச் சாப்பாட்டு நெல் வரும் நிலம் அது. ஒற்றி வைத்தால் அடுத்த போகத்திலிருந்து அரிசியையும் கடையில் வாங்க வேண்டும்.

இனி அந்தக் "கௌரவம்" என்ற சொல்லுக்கு வருவோம். தமிழில் இதைவிடச் செலவு மிகுந்த சொல் வேறு இல்லை. சொன்னவர் மனத்தில் இருந்தது ஒன்று, கேட்டவர்கள் கட்டிய கோட்டை வேறொன்று என்று ஆகிவிடுவது வழக்கம். ஆகவே அன்பர் செய்ய வேண்டிய முதல் காரியம், பத்திரிகை அச்சிடுவதற்கு முன்னால் சம்பந்தியின் வீட்டுக்கு நேரில் போய், "எங்களிடம் உள்ளது இவ்வளவு; ஊரிலேயே பந்தல் போட்டு நடத்த நினைக்கிறோம்; தங்கள் பக்கத்தில் எத்தனை பேர் வருவார்கள்?" என்று நேரடியாகக் கேட்பதுதான். தூது அனுப்பக் கூடாது. தூதர்கள் இருபுறமும் கௌரவத்தை ஏற்றிவிடுகிறவர்கள். சம்பந்தி நல்லவராக இருந்தால் அவருக்கே பெரிய பாரம் இறங்கினாற்போல் இருக்கும். செலவை இரு வீட்டாரும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ளவும் பேசலாம். இப்போது பல குடும்பங்களில் அப்படி நடக்கிறது. "இத்தனை சவரன், இன்ன வண்டி" என்று பதில் வந்தாலோ விஷயம் வேறு. வரதட்சிணைத் தடுப்புச் சட்டம் 1961 முதல் இருக்கிறது என்பதைவிட, இன்னும் பத்திரிகை அச்சாகவில்லை என்பதே அந்த நேரத்தில் பெரிய ஆறுதல்.

ஆடம்பரமில்லாத கலியாணம் அவமானம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு விவாகங்களை ஞாபகப்படுத்தலாம். மகாத்மாவின் புதல்வர் தேவதாஸ் காந்திக்கும் ராஜாஜியின் புதல்வி லக்ஷ்மிக்கும் 1933-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பூனாவில் விவாகம் நடந்தது. மகாத்மா 21 நாள் உபவாசத்தை முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. பல ஆண்டுகள் காத்திருந்த தம்பதிகள் வெகு எளிய முறையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். 1942-இல் அலகாபாத்தில் நடந்த இந்திரா அம்மையாரின் விவாகத்தில் மணப்பெண் உடுத்தியது, தந்தையார் ஜவஹர்லால் சிறையில் நூற்ற நூலால் நெய்த கதர்ப் புடவை. இவர்களெல்லாம் பெரிய மனிதர்கள், எளிமை அவர்களுக்கு அலங்காரம். ஏழை குமாஸ்தா எளிமையாகச் செய்தால் "கையாலாகவில்லை" என்பார்களே என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் அவர்களே ஐந்தரை லட்சக் கலியாணத்தில் பாயசம் நீர்த்திருந்தது என்றும் சொல்வார்கள்.

செலவைக் குறைப்பதற்கு வழி, வாங்கும் பொருள்களின் விலையைப் பேரம் பேசுவதில் இல்லை. நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு முகூர்த்தம் வைத்தால் வெளியூர்க்காரர் அத்தனை பேரும் முதல் நாளே வந்துவிட வேண்டும். அவர்களுக்கு இரவு விருந்து, படுக்கை, காலையில் காப்பி, பலகாரம், பிறகு மத்தியான்னச் சாப்பாடு. ஒரு முகூர்த்தத்துக்கு மூன்று வேளைச் சமையல் ஆகிறது. அதையே ஒன்பது மணிக்கு மேல் வைத்தால் பெரும்பாலோர் அன்று காலைப் பஸ்ஸில் வந்து, தாலி கட்டியதும் நேரே பந்திக்குப் போகலாம். திங்கள், புதன் கிழமைகளில் காலை 9 மணி முதல் 10½ வரை ராகுகாலமும் இல்லை, எமகண்டமும் இல்லை. ஜோசியரிடம் இந்தப் பொழுதில் நாள் பார்த்துக் கொடுக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். அவருக்கு இது புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமானால் சமையல்காரர் முதல் வேன்காரர் வரை எல்லோரும் கிராக்கி செய்வார்கள். வார நாளில் வைத்தால் நம்மைப் போன்ற பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் ரஜாவுக்கு மனுப் போட வேண்டியிருக்கும்; போடுவோம்.

மண்டபம் வேண்டாம் என்பதற்கு வாடகை மட்டும் காரணமல்ல. வாடகைக்குப் பின்னால் மின்சாரம், ஜெனரேட்டருக்கு டீசல், துப்புரவு, காஸ் என்று தனித்தனியாக ஒரு பில் வரும். வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டால் மூங்கிலும் கீற்றும் கயிறும் ஊரிலேயே கிடைக்கும். போடத் தெரிந்தவர்களும் ஊரிலேயே இருப்பார்கள். வெயிலுக்கு அதைவிடக் குளிர்ச்சி வேறில்லை. வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு, மாவிலை, குருத்தோலைத் தோரணம் போதும். சமையல் அடுப்பு மாத்திரம் கீற்றுக்கு அருகில் வரக் கூடாது. கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, பக்கத்தில் இரண்டு பீப்பாய்த் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். தெருவை முழுதும் அடைக்காமல், அவசரத்துக்கு 108 வண்டி போகிற அளவு வழி விட்டுப் பந்தற்கால் நட வேண்டும். பஞ்சாயத்தாரிடமும் போலீசாரிடமும் முன்பே சொல்லி வைப்பது நல்லது. ஒலிபெருக்கி வைத்தால் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை அதற்கு வாய்ப்பூட்டுத்தான்; 2000-ஆம் ஆண்டு விதிகள் அப்படி. தெருமுனையில் துணிப் பதாகை வேண்டவே வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரு கலியாணத்துக்காக நட்ட பதாகை சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம் பெண் லாரியில் அகப்பட்டு உயிரிழந்தாள். அவளும் ஒரு வீட்டின் மகள்.

விருந்துக்கு வருவோம். இதில் நாம் கருமித்தனம் பண்ணச் சொல்லவில்லை. இலையில் இருபத்தைந்து பதார்த்தம் வைத்து, அதில் பன்னிரண்டை மூடிய இலையோடு எடுத்துப் போடுவதுதான் நமக்குப் பிடிக்காது. பருப்பு, நெய், சாம்பார், ரசம், தயிர், ஒரு பொரியல், ஒரு கூட்டு, வடை, அப்பளம், ஊறுகாய், பாயசம். இவ்வளவையும் ருசியாகவும் சூடாகவும் கேட்டுக் கேட்டுப் பரிமாறினால் எந்தச் சம்பந்தியும் முகம் சுளிக்க மாட்டார். தை மாதத்தில் பரங்கியும் பூசணியும் அவரையும் மொச்சையும் மலிந்து கிடக்கும். பரங்கிக்காய்ச் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டில் ஒரு கைப்பிடி மொச்சை என்று போட்டால் டவுன்காரர்கள் இரண்டாம் முறை கேட்பார்கள். முந்நூறு இலைக்கு அரிசி 40 கிலோ, துவரம்பருப்பு 9 கிலோ, தயிர் 30 லிட்டர் இருந்தால் தாராளம். வடைக்கு உளுந்து 6 கிலோ. ஒரு கிலோவுக்கு ஐம்பது வடைக்குக் குறையாது. பாயசத்துக்குப் பாசிப்பருப்பு 4 கிலோ, வெல்லம் 8 கிலோ, தேங்காய் 25. அரிசி அன்பருடைய சொந்த நெல்லிலிருந்தே வருமானால் இன்னும் நல்லது. புது நெல்லை விட்டுப் பழைய நெல்லைக் குத்திக்கொள்ளட்டும், புது அரிசி குழைந்துவிடும். தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர். பிளாஸ்டிக் டம்ளரும் மேஜைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் 2019 ஜனவரி முதல் தடுக்கப்பட்டவை.

இங்கே ஒரு வார்த்தை. "எளிய கலியாணம்" என்று சொல்லிக்கொண்டு, சமையல்காரரை நிறுத்திவிட்டு வீட்டு ஸ்திரீகள் தலையில் முந்நூறு பேர் சமையலைக் கட்டுகிற குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். தாலி கட்டும்போது பெண்ணைப் பெற்ற தாய் கொல்லையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பாள். அது சிக்கனமல்ல. சமையலுக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டியது. தாய் மணையருகே நிற்க வேண்டியது. அப்படியே, பந்தல் போட்டவர், மேளம் வாசித்தவர், பாத்திரம் தேய்த்தவர் எல்லோரும் முதற் பந்தியிலோ இரண்டாம் பந்தியிலோ மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கடைசியில் கொல்லையில் தனி இலை போடுகிற கலியாணம், எவ்வளவு செலவு செய்தாலும் கௌரவமான கலியாணமாகாது.

பூவில் ஒரு சூட்சுமம் உண்டு. மல்லிகை கோடைப் பூ. பனிக்காலத்தில் வரத்து சுருங்கிப்போய், முகூர்த்த நாளில் மதுரைச் சந்தையில் அதன் விலையைக் கேட்டால் தங்கம் விற்கிறார்களோ என்று தோன்றும். தை மாதத்தில் சாமந்திக்குப் பஞ்சமில்லை. மாலையும் பந்தல் அலங்காரமும் சாமந்தியில் இருக்கட்டும். மணப்பெண் தலைக்கு மட்டும் மல்லிகை வாங்கினால் போதும். மேளம், புகைப்படம், வேன் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளூரில் யார் இருக்கிறார்களோ அவர்களை அமர்த்திக்கொள்க. புரோகிதரை வைப்பதும் வைக்காததும் இரு குடும்பங்களின் இஷ்டம். உற்றார் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் விவாகம் செல்லும் என்று 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது.

ஆக, கணக்கு இப்படி ஆகிறது. முந்நூறு இலை மத்தியான்ன விருந்தும், வீட்டோடு தங்குகிற அறுபது பேருக்கு முதல் நாள் இரவும் மறுநாள் காலையும் சேர்த்து ஒரு லட்சம். பந்தல், நாற்காலி, விளக்கு 35,000. துணிமணி 40,000. மேளம், பூ, சடங்குச் சாமான் 25,000. வேனுக்குப் பத்தாயிரம், படம் பிடிப்பவருக்குப் பத்தாயிரம். மொத்தம் 2,20,000. மீதி முப்பதாயிரத்தை வீட்டு அம்மாளிடம் கொடுத்து, கலியாணம் முடிகிற வரையில் கேட்டாலும் தர வேண்டாமென்று சொல்லி வைக்கவும். எப்படியும் பாதி செலவாகிவிடும்.

மொய்ப் பணத்தை நாம் வரவில் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். "மொய் வந்தால் சமையல்காரருக்குக் கொடுத்துவிடலாம்" என்று அன்பரின் மைத்துனர் தைரியம் சொல்கிறாராம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் மொய் விருந்து நடத்துகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: மொய் நோட்டில் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு கடன் பத்திரம். நூற்றொன்று எழுதியவர் வீட்டு விசேஷத்தில் நூற்றொன்றுக்குக் குறையாமல், பெரும்பாலும் சேர்த்தே, திருப்பி எழுத வேண்டும். வருகிற பணத்தைப் பெண் பேரில் தபாலாபீஸில் போட்டு வைத்து, திருப்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

கலியாணமான 90 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டுமென்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். பத்திரிகை ஒன்றும், வயதுக்கும் விலாசத்துக்கும் அத்தாட்சிகளும், தம்பதிகளின் புகைப்படமும் தயாராக ஓர் உறையில் போட்டு வைத்திருந்தால், பந்தல் பிரித்த வாரத்திலேயே சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போய்வந்துவிடலாம்.

கடைசியாக ஜாபிதா விஷயம். முந்நூறு பேர் என்று முடிவு செய்தபின் அது முந்நூற்றைம்பது ஆகாமல் பார்ப்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. நூறு பத்திரிகை அச்சிட்டால் போதும். உள்ளூரில் வெற்றிலை பாக்கு வைத்து வாய்ச் சொல்லாக அழைப்பதே பழைய மரியாதை. தூரத்தில் உள்ளவர்களுக்கு டெலிபோனில் கூப்பிட்டுச் சொல்லலாம். கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. எழுதியவள் மணப்பெண்தான் என்று ஊகிக்கிறோம். தன்னோடு படித்த சிநேகிதிகள் முப்பது பேர் இருப்பதாகவும், அப்பா போட்ட ஜாபிதாவில் அவர்களில் ஒருவரும் இல்லையென்றும், இடமிருக்குமா என்றும் கேட்டிருக்கிறாள். அந்த முப்பது பெயரையும் முதலில் எழுதிவிட்டு, பாக்கி 270 இலைக்கு யார் யார் என்று அன்பர் யோசிக்கட்டும். அவருடைய ஆபீஸ் சிநேகிதர்களில் அடிக்கத் தக்க பெயர்கள் நிச்சயம் இருக்கும்.