திசைச்சொல்லின் ஊர்

சுற்றுலாவின் கடைசி நாள் ஒரு தினுசான நாள். விட்டுப்போன இடங்களையெல்லாம் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் காலையிலேயே தொற்றிக்கொள்ளும். லிஸ்பனில் என்னிடமும் ஒரு பட்டியல் இருந்தது. கோட்டை, டைல்ஸ் அருங்காட்சியகம், இருபத்தெட்டாம் நம்பர் டிராம் என்று நீளும். என் மனைவி அதை வாங்கி மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "இன்னிக்காவது உட்கார்ந்து ஊரைப் பார்க்கலாமே" என்றாள்.

விடுதியில் சாவியைக் கொடுத்தபோது வரவேற்பறைப் பெண் அதை 'ஷாவ்' என்றார். ஒரு வாரமாகவே காதில் விழுந்துகொண்டிருந்த சமாசாரம்தான். மேசை அங்கே 'மேஸா', ஜன்னல் 'ஜனேலா'. அலமாரி, துவாலை, ஏலம், மேஸ்திரி எல்லாமே போர்த்துக்கீசியர் நம் வீட்டில் விட்டுப்போன சாமான்கள். எம்.ஏ. வகுப்பில் இவற்றைத் திசைச்சொல் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். திசையை இப்போதுதான் பார்க்கிறேன்.

டேகஸ் ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய சதுக்கத்துக்கு வணிகச் சதுக்கம் என்று பெயர். ஊர்க்காரர்கள் இன்னமும் அரண்மனை முற்றம் என்கிறார்கள். அரண்மனை 1755 நவம்பர் 1-ம் தேதியோடு போயிற்று. சகல புனிதர்கள் திருநாள். மாதாகோவில்கள் நிரம்பி வழிந்த காலை நேரத்தில் பூகம்பம். பிறகு ஆற்றில் ஏறி வந்த கடல். அதற்கும் பிறகு பல நாள் அணையாத தீ. மேட்டில் இருக்கும் கார்மோ மடத்துக் கோவிலை இன்றுவரை கூரையில்லாமலே வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் அண்ணாந்தால் கல் வளைவுகள், நடுவில் வானம்.

எனக்கு அந்தப் பழைய லிஸ்பனோடு ஒரு கணக்கு இருந்தது. தமிழ் முதன்முதலில் அச்சேறியது சென்னையிலோ தரங்கம்பாடியிலோ அல்ல, இந்த ஊரில். ஆண்டு 1554. ஜெபங்கள் அடங்கிய சிறு புத்தகம். தமிழ் எழுத்து அச்சு வார்க்க அப்போது வழியில்லாததால், தமிழை ரோமன் எழுத்தில் போட்டுக் கூடவே போர்த்துக்கீசிய மொழியையும் கொடுத்தார்கள். தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வருவதற்கு இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. மொழிபெயர்த்தவர்கள் இந்தியக் கிறிஸ்தவர்கள் மூவர்: வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கர்வால்ஹோ, தோமா குரூஸ். ஞானஸ்நானப் பெயர்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. வீட்டில் அம்மா என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாளோ?

அவர்கள் பார்த்த ஊரில் பெரும்பகுதி பூகம்பத்தில் போய்விட்டது. தப்பியதில் முக்கியமானவை பெலேம் பகுதியின் கோபுரமும் ஜெரோனிமஸ் மடமும். அதனால் பதினைந்தாம் நம்பர் டிராம் பிடித்து பெலேமுக்குப் போனோம். (பட்டியலில் இதுவும் இருந்தது என்பதை மனைவியிடம் சொல்லவில்லை.)

மடத்துக் கோவிலின் வாசலருகே வாஸ்கோடகாமாவின் கல்லறை. எதிரே மகாகவி கமோயன்ஸ். 1524-ல் கொச்சியில் செத்துப்போன காமாவின் எலும்புகளை 1539-ல் போர்ச்சுகலுக்குக் கொண்டுவந்தார்கள். கல்லறைமேல் அவர் கைகூப்பிப் படுத்திருக்கிறார். 1502-ல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்ரிகர் கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு கொளுத்தச் சொன்னவரும் இவர்தான். சுற்றிலும் காமிராக்கள் மின்னின. நானும் ஒன்று எடுத்தேன், மறுக்கவில்லை.

கப்பலோட்டியவருக்குக் கல்லறை, அவரைப் பாடியவருக்கும் கல்லறை. ஜெபத்தைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொடுத்த மூவரின் பெயர் எங்காவது செதுக்கியிருக்கிறதா என்று தூண் தூணாகப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. இருபது ஆண்டுகளாக மொழிபெயர்த்துப் பிழைப்பவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லைதான். ஆனாலும் அந்தக் கல் தரையில் சற்று நேரம் நின்றேன். அவர்கள் இங்கே வந்திருக்கக் கூடும். குளிர்காலத்தில் நடுங்கிக்கொண்டு, 'பாவம்' என்பதற்கு அவன் மொழியில் என்ன என்று யோசித்தபடி.

"பசிக்கலையா?" என்றாள் மனைவி.

பக்கத்தில் 1837 முதல் நடக்கும் பலகாரக் கடை. மொறுமொறுப்பான கிண்ணத்தில் முட்டை மஞ்சள்கரு, பால், சர்க்கரை சேர்த்துச் சுட்டெடுக்கும் பண்டம். மேலே பட்டைப்பொடி தூவிக்கொள்ளலாம். (முட்டை தொடாத வாசகர்கள் மன்னிக்கவும்.) மிளகுக்கும் பட்டைக்கும்தான் அத்தனை கப்பல்கள் கிளம்பின. இப்போது மேசை மேல் இலவசம். நான் தாராளமாகவே தூவிக்கொண்டேன்.

மாலையில் கைஸ் டோ சோத்ரே துறையிலிருந்து அக்கரைக்குப் படகில் போய்வந்தோம். சுற்றுலாப் படகல்ல, ஆபீஸ் விட்டுப் போகிறவர்களின் படகு. முக்கால்வாசிப் பேர் தூங்கினார்கள். மேற்கே சிவப்புத் தொங்குபாலம். 1966-ல் கட்டியபோது சர்வாதிகாரி சலசாரின் பெயர். 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு அந்தத் தேதியே அதன் பெயர். பெயரை மாற்றுவது அவர்களுக்கும் வரும்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. மலைமேல் கோட்டைச் சுவரில் விளக்குப் போட்டிருந்தார்கள். மனைவி கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அதோ உங்க கோட்டை. பார்த்தாச்சு, அடிச்சுடுங்க."