அணியை மூடும் உரிமை யாருக்கு?

2021 ஜூலை 21 அன்று கொல்கத்தா மைதானத்தில், ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் கூடாரத்துக்கு எதிரே சிவப்பு-மஞ்சள் கொடிகளுடன் திரண்டிருந்த ரசிகர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. அணி தோற்றதற்காகவோ, பயிற்சியாளரை மாற்றக் கோரியோ அவர்கள் அங்கே கூடவில்லை. ஸ்ரீ சிமெண்ட் நிறுவனம் அனுப்பியிருந்த இறுதி ஒப்பந்தத்தில் கிளப் நிர்வாகிகள் கையெழுத்திட வேண்டுமா, கூடாதா என்பதே பிரச்சனை. கையெழுத்திட்டால் உறுப்பினர்களின் உரிமைகள் நிறுவனத்தின் கைக்குப் போய்விடும் என்றனர் நிர்வாகிகள். கையெழுத்திடாவிட்டால் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) ஆடுவதற்கு அணியே இருக்காது என்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் அஞ்சினர். நிர்வாகிகளை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் மோதிக்கொண்டபோது தடி இறங்கியது.

தாத்தா காலத்திலிருந்து தம்முடையது என்று நம்பிவந்த அணியை, தயவுசெய்து எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று ரசிகர்களே மன்றாடும் நிலை எப்படி வந்தது? கொல்கத்தா கால்பந்தின் கடந்த கால் நூற்றாண்டு வரலாறு இதற்கு விடை தருகிறது.

மக்கள் வளர்த்த கிளப்புகள்

1889இல் தோன்றிய மோகன் பகான், 1911 ஜூலை 29 அன்று ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதிப் போட்டியில் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் அணியை 2-1 என வென்றது. பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியர்கள், பூட்ஸ் அணிந்த பிரிட்டிஷ் ராணுவ அணியை வீழ்த்தியது அடிமை நாட்டின் தன்மானத்தைத் தட்டி எழுப்பியது. 1891இல் தொடங்கப்பட்ட முகமதன் ஸ்போர்ட்டிங், 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணியானது. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை அப்பட்டத்தைக் கைப்பற்றியது. 1920இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால், தேசப் பிரிவினைக்குப் பின் எல்லை கடந்து வந்து அகதிக் குடியிருப்புகளில் வாழ்வைப் புதிதாகத் தொடங்கிய லட்சக்கணக்கான மக்களின் அடையாளமாயிற்று. வீடும் நிலமும் இழந்தவர்களுக்கு, இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஓர் அணி மிஞ்சியிருந்தது.

இந்த அணிகள் ஆடும் களமும் பொதுச் சொத்தே. கூடாரங்கள் நிற்கும் மைதானம் ராணுவத்துக்குச் சொந்தமான நிலம். இடது முன்னணி ஆட்சியில் கட்டப்பட்டு 1984இல் திறக்கப்பட்ட சால்ட் லேக் யுவபாரதி அரங்கம் மாநில அரசுக்குரியது. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியதைக் காண அங்கு 1,31,000க்கும் மேற்பட்டோர் கூடினர். பொது நிலம், பொது அரங்கம், தலைமுறைகளின் பற்று ஆகியவையே இந்த அணிகளின் மூலதனம். ஆனால் பங்குகள் கைமாறும்போது இந்த மூலதனத்துக்கு எந்தக் கணக்கும் வைக்கப்படுவதில்லை.

அதற்காகப் பழைய கிளப்புகளைப் பொற்காலமாகச் சித்தரிக்கத் தேவையில்லை. அவற்றின் நிர்வாகம் பெரும்பாலும் வசதி படைத்த சில குடும்பங்களின் பிடியிலேயே இருந்தது. ஆரவாரம் செய்த லட்சக்கணக்கானோரில் உறுப்பினர் அட்டை பெற்றவர்கள் மிகச் சிலரே. கணக்குகளில் வெளிப்படைத்தன்மை இல்லை. 2013இல் லட்சக்கணக்கான ஏழைகளின் சேமிப்போடு சரிந்துவிழுந்த சாரதா சிட் ஃபண்ட், அதற்குமுன் இந்த கிளப்புகளின் விளம்பரதாரராக இருந்ததை மறந்துவிட முடியாது. ஜனநாயகமற்ற கிளப் நிர்வாகமே பெருமுதலாளிகள் நுழையக் கதவைத் திறந்துவிட்டது.

சாராயம் முதல் சிமெண்ட் வரை

1998இல் விஜய் மல்லையாவின் யுனைடெட் புருவரீஸ் குழுமம், பரம வைரிகளான இரு அணிகளிலும் சரிபாதிப் பங்கை வாங்கியது. ஒன்று மெக்டவல் மோகன் பகான் ஆனது. மற்றொன்று கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால் ஆனது. சாராய விளம்பரத்துக்கு இருந்த தடையைத் தாண்டி மதுவகைகளின் பெயர்கள் லட்சக்கணக்கான இளைஞர்களின் நெஞ்சில் சட்டைகளாக ஏறின. வங்கிகளுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் கடன் பாக்கி வைத்துவிட்டு மல்லையா 2016இல் நாட்டைவிட்டு வெளியேறினார்.

ஈஸ்ட் பெங்காலில் 2018இல் குவெஸ் நிறுவனம் 70 சதவீதப் பங்குடன் நுழைந்து, இரண்டே ஆண்டுகளில் வெளியேறியது. 2020இல் ஸ்ரீ சிமெண்ட் 76 சதவீதப் பங்குக்கு உடன்பாடு கண்டது. ஒப்பந்தச் சண்டையிலேயே காலம் கழிந்து 2022இல் அதுவும் விலகியது. பின்னர் இமாமி வந்தது. நான்கு ஆண்டுகளில் மூன்று முதலீட்டாளர்கள். ஐஎஸ்எல்லில் முதல் பருவத்தில் 11 அணிகளில் ஒன்பதாம் இடம். கையெழுத்துத் தகராறு முடியாமலேயே அவசர அவசரமாக அணி திரட்டிய இரண்டாம் பருவத்தில் கடைசி இடம். ஆடுகளத்தில் தெரிந்த சீர்குலைவின் வேர் உடைமை ஆவணங்களில் இருந்தது.

முகமதன் ஸ்போர்ட்டிங்கின் அனுபவம் இதனினும் கசப்பானது. 2023-24 ஐ-லீக்கை வென்று ஐஎஸ்எல்லுக்கு உயர்ந்த அந்த அணியில், பங்கு மாற்றம் குறித்து முதலீட்டாளர்களுக்கும் கிளப்புக்கும் இடையே இழுபறி நீடித்தது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வீரர்கள். மாதக்கணக்கில் ஊதியம் வராமல் அவர்கள் பயிற்சியைப் புறக்கணித்தனர். பயிற்சியாளர் பாதியிலேயே விலகினார். தொழில்முறை வீரரும் ஒரு தொழிலாளியே என்பதைக் கைதட்டல் ஓசை பலவேளைகளில் மறைத்துவிடுகிறது.

கோப்பைகள் எதை நிரூபிக்கின்றன?

மோகன் பகானைக் காட்டிப் பதில் சொல்வோர் உண்டு. 2020 ஜனவரியில் சஞ்சீவ் கோயங்காவின் ஆர்பிஎஸ்ஜி குழுமம் அந்த கிளப்பின் கால்பந்து நிறுவனத்தில் 80 சதவீதப் பங்கை வாங்கியது. அதன்பின் 2022-23இல் ஐஎஸ்எல் கோப்பை, 2023-24இல் லீக் ஷீல்டு, 2024-25இல் இரண்டும் என வெற்றிகள் குவிந்தன. பணமும் திறமையான நிர்வாகமும் சேர்ந்தால் பலன் கிடைக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2014இல் தொடங்கப்பட்ட ஏடிகே என்ற அணியின் பெயர், 1889ஆம் ஆண்டின் கிளப் பெயருக்கு முன்னால் ஒட்டப்பட்டது. அதை நீக்கக் கோரி ரசிகர்கள் மூன்றாண்டு காலம் போராடினர். 2023 மார்ச் 18 அன்று கோவாவில் கோப்பை வென்ற இரவில், ஏடிகே நீங்கும் என உரிமையாளர் அறிவித்தார். அதன் இடத்துக்கு வந்தது ‘சூப்பர் ஜயண்ட்’ – அதே குழுமம் 2021இல் 7,090 கோடி ரூபாய்க்கு வாங்கிய லக்னோ ஐபிஎல் கிரிக்கெட் அணியின் பெயர்ச் சாயல். பெயரைச் சேர்த்தபோதும், நீக்கியபோதும், புதிதாக ஒட்டியபோதும் உறுப்பினர்களின் வாக்கெடுப்பு எதுவும் இல்லை. கொல்கத்தாவுக்கு மின்சாரம் விநியோகிக்கும் சிஇஎஸ்சி நிறுவனமும் இதே குழுமத்துடையது. மின் கட்டணமும் நுழைவுச்சீட்டும் ஒரே பெட்டியில் விழுகின்றன. இரண்டிலும் செலுத்துவோருக்குக் குரல் இல்லை.

கோப்பையைத் தரும் கைக்கே அணியைக் கலைக்கும் அதிகாரமும் உண்டு. மும்பையில் மஹிந்திரா யுனைடெட் 2010இலும், பஞ்சாபில் ஜேசிடி 2011இலும் கலைக்கப்பட்டன. இரண்டும் தேசிய லீக் பட்டம் வென்ற அணிகள். தமிழகத்தில் 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி அணி, சில ஆண்டுகளிலேயே தேசிய லீக்கிலிருந்து காணாமல் போயிற்று.

அணிக்கு நேர்ந்தது லீக் முழுமைக்கும் நேர்ந்தது. 2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம், 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என்ற ஒப்பந்தத்தின் மூலம் இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகளை ஐஎம்ஜி-ரிலையன்ஸ் கூட்டணிக்கு ஒப்படைத்தது. அதன் காலம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில் ஐஎஸ்எல் பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி ஊதியத்தை நிறுத்தியது; சென்னையின் எஃப்சி தன் அணிச் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. புதிய ஏலத்துக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. இலாபம் உறுதியில்லை என்றதும் ‘கால்பந்தின் காவலர்கள்’ ஒதுங்கிக்கொண்டனர். ஊதியமின்றி நின்றவர்கள் வீரர்களும் ஊழியர்களும்.

மாற்று இருக்கிறது

முதலாளித்துவ நாடான ஜெர்மனியிலேயே, கால்பந்து கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கும் மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி 1998 முதல் நடைமுறையில் உள்ளது. விதிவிலக்குகளும் ஏய்ப்புகளும் உண்டு. ஆயினும் விதி நிற்கிறது, ரசிகர்கள் விழிப்போடு இருப்பதால். லீக்கின் வருவாயில் ஒரு பங்கைத் தனியார் நிதி நிறுவனத்துக்கு விற்க முயன்றபோது, அவர்கள் ஆடுகளத்தில் டென்னிஸ் பந்துகளை வீசிப் போட்டிகளை நிறுத்தினர்; 2024 பிப்ரவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் கிளப் உரிமையாளர்களைக் கண்காணிக்கச் சுயேச்சையான ஒழுங்காற்று அமைப்பை உருவாக்கும் சட்டம் 2025இல் நிறைவேறியது. இந்தியாவில் அதே ஆண்டு நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமோ சம்மேளனங்களோடு நின்றுவிட்டது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. கிளப்பின் பெயர், சின்னம், நிறம் ஆகியவை உறுப்பினர்களின் பிரிக்க முடியாத சொத்தாக வேண்டும். எளிய மக்களுக்கு எட்டும் கட்டணத்தில் உறுப்பினர் சேர்க்கை, முறையான தேர்தல், தணிக்கை செய்து வெளியிடப்படும் கணக்குகள் கட்டாயமாக வேண்டும். பொது அரங்கைப் பயன்படுத்தும் நிறுவனம், ஒரு பருவத்துக்கான ஊதியத்தை முன்கூட்டியே வைப்புத்தொகையாகச் செலுத்த வேண்டும். வீரர்களின் சங்க உரிமை மதிக்கப்பட வேண்டும்.

இவற்றுக்கான சக்தி கொல்கத்தாவில் ஏற்கெனவே வெளிப்பட்டிருக்கிறது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டதற்கு நீதி கேட்டு நகரமே கொதித்த 2024 ஆகஸ்டில், 18ஆம் தேதி நடக்கவிருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் டூரண்ட் கோப்பைப் போட்டி பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. போட்டி இல்லாத அந்த மாலையிலும் இரு அணிகளின் ரசிகர்கள் யுவபாரதி அரங்கின் வெளியே கூடினர். முகமதன் ரசிகர்களும் சேர்ந்துகொண்டனர். அன்றும் தடியடி நடந்தது. 2021இல் பிளவுபட்டு அடி வாங்கியவர்கள், இம்முறை மூன்று கொடிகளையும் சேர்த்துப் பிடித்தபடி நின்றனர்.

அந்தக் கூட்டத்தை எந்த நிறுவனமும் விலைக்கு வாங்கியிருக்கவில்லை. கால்பந்தை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்காமல், அந்த ரசிகர்களின் அமைப்புகளோடு இணைந்து உடைமைப் பிரச்சனையை வீதிக்குக் கொண்டுவருவது இடதுசாரி வாலிபர், மாணவர் இயக்கங்களின் பணியாகும்.