கூவிய கோழியும் முட்டையிட்ட சேவலும்

சென்ற மாதம் ஒரு கிராமத்துப் பொதுக்கூட்டத்திற்கு நாம் போயிருந்தோம். கூட்டம் கலைந்த பிறகு ஒரு தோழர் நம்மைத் தனியே அழைத்து ஒரு சங்கதி சொன்னார். அவர் வீட்டுப் பெட்டைக் கோழி ஒன்று திடீரென்று சேவலைப் போல் கூவ ஆரம்பித்ததாம். கூவிய மூன்றாம் நாள் அவருடைய தகப்பனார் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். கோழியை அன்றைக்கே அறுத்துப் புதைத்தாகி விட்டது. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. குறி சொல்லுகிறவன் ஒருவனை வரவழைத்துக் கேட்டதில், அவன், கலியாணமாகி வந்து நாலே மாதமான தம்பி மனைவியின் “கால் ராசி” சரியில்லை என்று சொல்லித் தட்சணையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பெண் இப்போது தாய் வீட்டில் இருக்கிறாள். “அய்யா, இதில் ஏதாவது உண்மை இருக்குமா?” என்று அத்தோழர் கேட்டார். அன்று இரவு அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகின்றோம். அதற்கு ஐரோப்பாவரை போய்வர வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று ஸ்விட்சர்லாந்து தேசத்தில் இருக்கும் பாஸல் நகரத்தில் 1474-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு சேவல்மீது வழக்கு நடந்தது. அது செய்த குற்றம் முட்டையிட்டது! சேவல் இட்ட முட்டையைத் தேரையாவது பாம்பாவது அடைகாத்தால், கண்ணால் பார்த்தே மனிதனைக் கொல்லக்கூடிய ‘பாசிலிஸ்க்’ என்னும் விஷ ஜந்து பிறக்கும் என்பது அக்காலத்து ஐரோப்பியரின் நம்பிக்கை. ஆகவே அந்தச் சேவல் இயற்கைக்கு விரோதமான குற்றம் செய்ததென்று தீர்ப்பாகி, ஊரார் கூடிப் பார்க்க, முட்டையோடு சேர்த்துத் தீயில் கொளுத்தப்பட்டது. அதை அறுத்தபோது உள்ளே இன்னும் மூன்று முட்டைகள் இருந்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார்கள். வயிற்றிலே முட்டை இருந்தால் அது சேவலா கோழியா என்று கேட்க அங்கே ஒருவனுக்கும் புத்தி ஓடவில்லை.

இது ஏதோ ஒரு பைத்தியக்கார ஊரில் நடந்ததென்று நினைக்கவேண்டாம். பிரான்சு தேசத்தில் 1386-இல் பலேஸ் என்னும் ஊரில் ஒரு குழந்தையைக் கொன்ற பெண்பன்றிக்கு மனிதச் சட்டை மாட்டித் தூக்கில் போட்டார்கள். 1457-இல் சவிஞி என்னும் ஊரில் தாய்ப்பன்றிக்குத் தூக்குத் தண்டனை. கூட இருந்த ஆறு குட்டிகளும் உடந்தையா என்று விசாரித்து, ருசு போதாதென்று விட்டார்கள்.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது 1587-இல் சாவாய்ச் சீமையில் சேன் ஜூலியன் என்னும் ஊரில் நடந்த வழக்கு. திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கிய வண்டுகள்மீது ஊரார் பாதிரிமார் கோர்ட்டில் பிராது கொடுத்தார்கள். வண்டுகளுக்கும் ஒரு வக்கீல் நியமிக்கப்பட்டார்! அவர் சாமானியர் அல்லர். “கடவுள் மனிதனுக்கு முன்பே ஜீவஜந்துக்களைப் படைத்து, பெருகுங்கள் என்று உத்தரவும் கொடுத்திருக்கிறார் என்று வேதமே சொல்லுகிறது. ஆகையால் என் கட்சிக்காரர்கள் தின்றது சட்டப்படி சரி” என்று வாதாடினார். ஊரார் பயந்துபோய், வண்டுகள் குடியிருக்கத் தனியாக ஒரு நிலம் ஒதுக்கித் தருகிறோம் என்று ராஜி பேசினார்கள். வண்டுகளின் வக்கீல் அதையும் போய்ப் பார்த்துவிட்டு, அது ஒன்றும் விளையாத நிலம், எம் கட்சிக்காரர்களுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் தீர்ப்பு என்னவென்பது உலகத்திற்குத் தெரியாது. ஏனென்றால் வழக்குக் கட்டின் கடைசி ஏட்டை எலியோ பூச்சியோ தின்றுவிட்டது. பிரதிவாதிகளே அப்பீலை முடித்துக்கொண்டார்கள் போலும்!

சிரிக்கலாம். ஆனால் இந்த ஜட்ஜுகளும் பாதிரிகளும் படியாதவர்கள் அல்லர். லத்தீன் பாஷையும் சட்டமும் வேதமும் கரைத்துக் குடித்தவர்கள். படிப்பு மாத்திரம் போதுமானால் பாஸல் சேவல் பிழைத்திருக்கும்.

இனிக் கோழியின் சங்கதிக்கு வருவோம். பெட்டைக் கோழிக்கு வயிற்றுக்குள் இடப்பக்கத்துச் சினைப்பை ஒன்றுதான் வளர்ந்து வேலை செய்கிறது. வலப்பக்கத்தில் இருப்பது வளராமல் சிறு முளையாகவே நின்றுவிடும். இடப்பக்கத்துச் சினைப்பை கட்டியினாலோ வேறு நோயினாலோ கெட்டுப்போனால், பெட்டைத் தன்மைக்குக் காரணமான ஹார்மோன் என்னும் சுரப்பு குறைந்துவிடுகிறது. உடனே கொண்டை பெருக்கிறது, சேவலின் இறகு முளைக்கிறது, கூவவும் ஆரம்பிக்கிறது. சில சமயம் வலப்பக்கத்து முளை வளர்ந்து ஆண் விதையாகவே மாறிவிடுவதுமுண்டு. 1923-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் கிரூ என்னும் ஆராய்ச்சிக்காரர் இப்படிப்பட்ட ஒரு கோழியைப் பற்றி எழுதினார். முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்த அந்தக் கோழி, பிறகு கூவ ஆரம்பித்து, வேறொரு பெட்டையுடன் சேர்ந்து இரண்டு குஞ்சுகளுக்குத் தகப்பனும் ஆயிற்று. செத்த பிறகு அறுத்துப் பார்த்ததில் சினைப்பை நோயால் அழிந்திருந்தது. பாஸல் சேவலும் பெரும்பாலும் இப்படி உருமாறிய ஒரு நோயாளிக் கோழியாகவே இருந்திருக்கும். வைத்தியம் செய்யவேண்டிய பிராணிக்கு அவர்கள் சிதை அடுக்கினார்கள்.

கூவிய கோழிக்கு வந்தது வயிற்று நோய். கிழவருக்கு வந்தது காய்ச்சல். இவ்விரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் எங்கிருந்து வந்தாள்? அவளைக் கொண்டுவந்து நிறுத்தியவன் குறிகாரன். கோழிக்குப் பேச வாய் கிடையாது. புதிதாய் வந்த மருமகளுக்கு வாய் இருந்தும் பேச உரிமை கிடையாது. பழியைச் சுமத்துகிறவன் எப்போதும் இப்படிப்பட்ட இடமாகப் பார்த்துத்தான் சுமத்துவான். அதே ஸ்விட்சர்லாந்தில் கிளாரஸ் என்னும் ஊரில் 1782-இல் அன்னா கோல்டி என்ற வேலைக்காரியை, எஜமானின் குழந்தை ஊசி ஊசியாக வாந்தியெடுத்ததற்கு அவளுடைய சூனியமே காரணமென்று சொல்லி, சித்திரவதை செய்து ஒப்புக்கொள்ள வைத்துத் தலையை வெட்டினார்கள். 2008-இல்தான் அவ்வூர்ச் சட்டசபை அவள் நிரபராதி என்று தீர்மானித்தது. இருநூற்றிருபத்தாறு வருஷம் கழித்து!

“பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா?” என்று நம்மவர்கள் பெண்களை அடக்கப் பழமொழி வேறு வைத்திருக்கிறார்கள். சேவல் கூவினாலும் பொழுது அதனால் விடிவதில்லை. பூமி சுற்றுவதால் விடிகிறது. இந்த ஒரு சங்கதியைக் கூட யோசியாமல்தான் அந்தப் பழமொழியை இத்தனை காலமாய்ச் சொல்லி வருகிறோம்.

அத்தோழர் நமது பத்திரிகையை வாரந்தவறாமல் படிப்பவர். ஆகவே அவருக்கு நேராகவே சொல்லுகின்றோம்: தகப்பனாரைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குறிகாரன் மறுபடி வாசற்படி ஏறினால், கோழியின் வயிற்றில் என்ன இருந்தது என்று அவனையே கேளுங்கள். தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்து வாருங்கள். அடுத்த மாதம் அந்தப் பக்கம் நமக்கு மறுபடியும் கூட்டம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வருவோம். அந்தப் பெண்ணும் உட்கார்ந்து உண்ணும் பந்தியில்தான் நாமும் உண்போம்.