கத்தி முதுகில் ஒரு கொடி!

ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப் ஞாபகம் இருக்கா மக்களே? இரும்பு பிளேட்டை வைஸில் மாட்டி, அரத்தால் ராவி ராவி ‘ஸ்கொயர்’ ஆக்குறதுக்குள்ள தோள்பட்டையே கழண்டுடும். அதே அரத்தை வெச்சு கத்தி முதுகில் பூங்கொடி போடுற ஆசாமிகளும் இருக்காங்க!

தெற்கு பிரான்ஸில் லாயோல்னு ஒரு கிராமம். ஸ்பெல்லிங்கில் ‘ஜி’ உண்டு, உச்சரிப்பில் கிடையாது. 19-ம் நூற்றாண்டிலிருந்தே அந்த ஊர் பேரில் மடக்குக் கத்தி ஃபேமஸ். பிடியோட முதுகில் நீளமா ஒரு ஸ்பிரிங் பட்டை. அதன் தலையில் ஒரு தேனீ. மிச்ச நீளத்துக்கு அரத்தால் போட்ட அலையும் இலையும்.

‘இந்த டிசைன் இருந்தா ஆப்பிள் நல்லா நறுக்குமா?’ நறுக்காது பாஸ். அப்போ வெறும் சீன்தானா? அங்கேதான் விஷயம்.

எஃகைக் காய்ச்சி, முக்கி, கெட்டியாக்குறதுக்கு முன்னாடியே இந்த வேலையை முடிச்சாகணும். கெட்டியான பிறகு அரம் வழுக்கும், பிடிக்காது. ராவி எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது. ஒரு வெட்டு கோணினா, கொடி முழுக்க அதைக் காட்டிக்கொடுக்கும். அதாவது, அந்த டிசைன் செஞ்சவரோட பொறுமைக்கு அவரே வெச்சுக்கிட்ட பரீட்சை.

எதிர்க்கட்சி சொல்றதும் நியாயம்தான். பள்ளத்தில் அழுக்கு சேரும். சமையல் கத்திக்கு இது வேணாம். கூரான மூலையோட ஆழமா வெட்டினா, விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். விலை மலிவான கத்திகளில் மெஷினே அச்சடிச்ச மாதிரி இலை போட்டுடுது. இலை அழகா இருக்கும். திறந்தா பிளேடு லொடலொடன்னு ஆடும்.

என் கட்சி இதுதான்: முதலில் கத்தி கத்தியா இருக்கணும். மூடினா ‘டக்’னு உட்காரணும், விளிம்பு நேரா இருக்கணும். அதுக்கப்புறம் கொடி போடு, கைதட்டுறேன். குறையை மறைக்கப் போட்ட கொடின்னா, அது நகையில்லை, பிளாஸ்திரி!

இதை இவ்வளவு அழுத்தமா சொல்ல எனக்குத் தகுதி இருக்கு. ‘வி’ ஜாயின்ட்டில் வெளிச்சம் தெரிஞ்ச இடுக்கில் கிரீஸைத் தடவி சார்கிட்ட காட்டினவன் நான். மார்க் கிடைச்சுது. ஆனா அந்தப் பீஸை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அப்பாகிட்ட காட்டணும்னு மட்டும் தோணவே இல்லை.