போடாத ஊசிக்கு ஒரு கையெழுத்து

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மதியம் சாப்பிட்டுட்டுக் கட்டையைச் சாய்க்கலாம்னு போறப்ப கோவில்பட்டியில இருந்து அக்கா போன். "தம்பி, உன் மருமகளுக்கு அமெரிக்காவுல சீட்டு கெடச்சாச்சு, விசாவும் வந்தாச்சு. இப்பப் போய் ஊசி போட்டாத்தான் உள்ள விடுவேங்கிறான்டா."

விஷயம் இதுதான். அவ எம்.எஸ். படிக்கப் போறது டெக்சாஸ் மாநிலத்துல. மாணவர் விசாவுக்கு ஊசிக் கணக்கு யாரும் கேக்கல. கேக்குறது கல்லூரி. எம்.எம்.ஆர். ரெண்டு டோஸ், மெனிஞ்சைட்டிஸ் ஊசி ஒண்ணு, காசநோய் பரிசோதனை. இதெல்லாம் போய்ச் சேரலைன்னா பாடத்துக்குப் பதிவு பண்ணவே முடியாது.

உடனே வீட்டுல தேடுதல் வேட்டை. பத்தாவது மார்க் ஷீட்டு லேமினேஷன் பண்ணி பீரோவுல பத்திரமா இருக்கு. சாதிச் சான்றிதழ்ல அஞ்சு காப்பி இருக்கு. பொறந்தப்போ குடுத்த தடுப்பூசி அட்டை மட்டும் காணோம். (உங்க வீட்டுல இருக்கா? சத்தியமா சொல்லுங்க மக்களே!)

இதுல இன்னொரு கூத்து. 2017 பிப்ரவரியில தமிழ்நாடு முழுக்க ஒம்பது மாசக் குழந்தையில இருந்து பதினஞ்சு வயசு வரைக்கும் தட்டம்மை - ருபெல்லா ஊசி இலவசமா போட்டாங்க, ஞாபகம் இருக்கா? அப்ப வாட்ஸ்அப்ல அந்த ஊசி ஆபத்துன்னு ஒரே புரளி. அதை நம்பி எங்க அக்கா அன்னைக்குப் பொண்ணை ஸ்கூலுக்கே அனுப்பல. இலவசமா வாசலுக்கு வந்ததை விட்டுட்டு, இப்போ தனியார் ஆஸ்பத்திரியில காசு குடுத்துப் போடணும். அக்காகிட்ட இதை நான் சொல்லல. அவங்களே சொல்லி அழுதாங்க.

அடுத்த போன் அத்தான்கிட்ட இருந்து. "மாப்ள, கன்சல்டன்சிக்காரன் ஈசியா ஒரு வழி சொல்றான். தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காராம். பழைய தேதி போட்டுக் கையெழுத்தும் சீலும் வச்சுத் தந்துருவாராம். ஐநூறு ரூவாயோட முடிஞ்சுது. என்ன சொல்ற?"

இந்தப் பதிவே அந்தக் கேள்விக்காகத்தான். ஏன்னா இது எங்க அத்தான் கேக்குற கேள்வி மட்டும் இல்ல. வெளிநாடு போற பல பேரு வீட்டுல கேக்குற கேள்வி. 'ஒரு ஃபார்ம்தானே, ரொப்பிக் குடுத்தாப் போச்சு'ன்னு நினைக்கிறோம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் இஞ்சினியரிங் படிச்சப்ப ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு நாலு பேரு. மூணாவது செமஸ்டர்ல பக்கத்து ரூம் பையனுக்குக் கன்னம் ரெண்டும் வீங்கி, நல்ல ஜுரம். பொன்னுக்கு வீங்கி. தங்கச் சங்கிலி போட்டா சரியாயிரும்னு சொல்லி, எவனோ ஒருத்தன் தன் சங்கிலியைக் கழட்டி மாட்டிவிட்டான். ஹாஸ்டல் வைத்தியம் அவ்வளவுதான். டாக்டர்? வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் வருவார், எதுக்குப் போனாலும் ஒரே வெள்ளை மாத்திரை. வார்டன் பெட்டியைக் கட்டி பஸ் ஏத்தி அனுப்பிட்டார், பஸ்ல இருந்தவங்களுக்கும் சேர்த்து. ஒரு மாசத்துல எங்க வரிசையில ஆறு பேரு படுத்தாச்சு. வயசுக்கு வந்த ஆம்பளைங்களுக்கு இந்த நோய் வந்தா விதைப்பையும் வீங்கலாம்னு எங்களுக்கு அப்பத்தான் தெரியும். ஒருத்தன் அந்த வலியோட பரீட்சை எழுதப் போயி, பாதியில எழுந்து வந்தான். அந்த முகம் இன்னும் கண்ணுல நிக்குது.

இப்ப டெக்சாஸுக்கு வருவோம். அங்க மெனிஞ்சைட்டிஸ் ஊசி மாநிலச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு ரெண்டு மாணவர்கள் பேரு வச்சிருக்காங்க. ஜேமி ஷான்பாம்ங்கிற பொண்ணு 2008ல ஆஸ்டின்ல படிக்கும்போது இந்த நோய் வந்து ரெண்டு காலையும் கைவிரல்களையும் இழந்தா. 2009ல வந்த முதல் சட்டம் வளாகத்துக்குள்ள தங்குற புது மாணவர்களுக்கு மட்டும்தான். வெளியில தங்கிப் படிச்ச நிக்கலஸ் வில்லியம்ஸ் 2011ல இதே நோய்ல செத்துப்போனான். அதுக்கப்புறம் வெளியில தங்குறவங்களையும் சேர்த்து 2012ல இருந்து கட்டாயம் ஆக்கினாங்க. இப்போ 22 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு, வகுப்பு ஆரம்பிக்கப் பத்து நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும். எங்க பொண்ணுக்கு 21. அந்த ஃபார்ம்ல இருக்குற ஒரு கட்டத்துக்குப் பின்னாடி ரெண்டு குடும்பத்தோட கதை இருக்கு. அதுல பொய்த் தேதி எழுதச் சொல்றீங்களே அத்தான்?

எதிர்க்கேள்வி வரும், தெரியும். ஊசி போட்டா நோய் வரவே வராதான்னு கேப்பீங்க. வரலாம். 2006ல அயோவா பக்கம் ஆரம்பிச்ச பொன்னுக்கு வீங்கி அமெரிக்கா முழுக்க 6,500 பேருக்கு மேல வந்துச்சு. நெறைய பேரு கல்லூரி மாணவர்கள், ரெண்டு டோஸ் போட்டவங்களும் அதுல உண்டு. ஹெல்மெட் போட்டவனும் அடிபடுறான், அதுக்காக ஹெல்மெட்டைத் தூக்கியா போடுறோம்?

'காசநோய் டெஸ்ட் நம்மளை மட்டும் கேக்குறான், அவமானம்'னு ஒரு கோவமும் இருக்கு. உலகத்துக் காசநோய்ல ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு நம்ம நாட்டுலதான். கேக்கத்தான் செய்வாங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. சின்ன வயசுல போட்ட பி.சி.ஜி. ஊசியால தோல்ல குத்திப் பாக்குற டெஸ்ட் தப்பா 'பாசிட்டிவ்' காட்டலாம். ரத்தத்துல பாக்குற டெஸ்ட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்ல. எம்.எம்.ஆர். ரெண்டு டோஸுக்கு நடுவுல 28 நாளாவது இடைவெளி வேணும், அதனால டிக்கெட் போட்டப்புறம் யோசிக்காதீங்க. அட்டை தொலைஞ்சிருந்தா மறுபடி போட்டுக்கறதுல தப்பில்லைன்னுதான் டாக்டரும் சொன்னார்.

என் உண்மையான கோவம் அமெரிக்கா மேல இல்ல. நான் சேர்ந்தப்ப எங்க கல்லூரி டி.சி. கேட்டுச்சு, நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டுச்சு. ஒரு ரூமுக்கு நாலு பேரா அடைக்கப் போற பசங்களுக்கு என்ன ஊசி போட்டிருக்குன்னு ஒரு வரி கேக்கல. என் மருமக இங்க பி.இ. சேர்ந்தப்பவும் கேக்கல. கேக்குறதோட நின்னாலும் போதாது. சேர்க்கை நாள்லயே ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி, ஹாஸ்டல்லயே ஒரு முகாம் வச்சு, விட்டுப்போனதைப் போட்டுவிடணும். தினமும் ஒரு டாக்டர் உக்காரணும். வசதி செஞ்சு குடுக்காம ஃபார்ம் மட்டும் கேட்டா, ஐநூறு ரூவாய் கையெழுத்துதான் பெருகும்.

கடைசியில என்ன ஆச்சுன்னா, அத்தான்கிட்ட நான் பேசுறதுக்கு முன்னாடியே பொண்ணு பேசிட்டா. "அப்பா, அங்க என் ரூம்ல இன்னும் மூணு பேரு இருப்பாங்கப்பா" அப்படின்னாளாம். அவ்வளவுதான். முதல் டோஸ் அன்னைக்கே போட்டாச்சு. ரெண்டாவது டோஸ் போன புதன்கிழமை. கை வலிக்குதாம், அக்கா ஒத்தடம் குடுத்திருக்காங்க.

புது அட்டையை இந்தத் தடவை லேமினேஷன் பண்ணியாச்சு. நீங்களும் போய் பீரோவைத் திறந்து பாருங்க. கிடைச்சவங்களும் கிடைக்காதவங்களும் பின்னூட்டத்துல கை தூக்குங்க.