பொய் வசம்பும் மெய்ச் சான்றும்

அண்மையில் நாம் தணிக்கைக்குச் சென்றிருந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில், நிர்வாகக் குழுவின் ஆலோசனைக்கு ஒரு தீர்மானம் வைக்கப்பட்டிருந்தது. ஐரிஸ் என்னும் மேனாட்டு அலங்காரச் செடியின் கிழங்குகளைச் சங்க நிதியிலிருந்து வாங்கிச் சாயச்சாலைக் கழிவுநீர்க் குட்டையில் நடுவது என்பதே அது. செடி நீரைத் தூய்மையாக்கும்; கிழங்கு மருந்தாக விலைபோகும்; இரண்டும் விஞ்ஞான ரீதியில் நிரூபிக்கப்பட்டவை என்று விற்பனையாளரின் துண்டுப் பிரசுரம் கூறிற்று. முதிய அங்கத்தினர் ஒருவர் எம்மிடம், “இது மெய்தானா, ஐயா?” என்று வினவினார். ஒரே சொல்லில் விடையளிக்க இயலாத வினா அது. ஆகவே இதனை எழுதலானோம்.

பிரசுரத்தில் கண்ட செடி மஞ்சள் ஐரிஸ். ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளின் ஏரிக்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் இயற்கையாக வளர்வது. 1753-இல் லின்னேயஸ் இதற்கு இட்ட பெயர் ஐரிஸ் சூடகோரஸ். பின்பாதிச் சொல்லுக்குப் ‘பொய் வசம்பு’ என்பது பொருள். பூவாத காலத்தில் இலையைக் கண்டால் வசம்பென்றே தோன்றும். ஆனால் வசம்பின் மணம் இதற்கில்லை. தோற்றத்தை நம்பலாகாது என்னும் எச்சரிக்கை பெயரிலேயே அமைந்துவிட்டது.

நீரைத் தூய்மையாக்கும் என்பதில் உண்மை உண்டு. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்னும் அம்மையார் 1950-களில் நீர்த் தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைச் சீர்செய்யும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வழியில் வளர்ந்த சரளைக்கல் பாத்திகளில் நாணல், சம்பு ஆகியவற்றோடு மஞ்சள் ஐரிஸும் நடப்படுகிறது. ஆயினும் அங்கே பெரும்பணி புரிவது செடியன்று. வேரிலும் கல்லிலும் படிந்து வாழும் நுண்ணுயிர்களே அழுக்கைச் சிதைக்கின்றன. செடி அவற்றுக்கு இடமளிக்கிறது. வேர் வழியே சிறிது பிராணவாயுவையும் தருகிறது. தழைச்சத்தையும் மணிச்சத்தையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. இலைகளை உரிய காலத்தில் அறுத்து அகற்றாவிடில், அவை அழுகி, உறிஞ்சிய சத்து மீண்டும் நீரிலேயே சேரும்.

வீட்டுக் கழிவுநீருக்குப் பொருந்தும் இச்சான்றைச் சாயநீருக்கு அப்படியே பொருத்துவது தவறு. பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு இடுகிறோம். அவ்வுப்பை நுண்ணுயிர் சிதைக்காது; செடியும் பொருட்படுத்தத்தக்க அளவில் நீக்காது. நிறம் மறைவதையும் நம்பிவிடலாகாது. அசோ வகைச் சாயங்கள் காற்றில்லாத இடத்தில் முறிந்து நிறம் இழக்கும். ஆனால் அம்முறிவில் அமீன்கள் என்னும் பொருள்கள் பிறக்கின்றன. அவற்றுள் சில நஞ்சு. அவற்றைச் சிதைக்கப் பிராணவாயு மிகுந்த வேறொரு கட்டம் வேண்டும். கண்ணுக்குத் தெளிந்த நீர் பயிருக்குத் தெளிந்த நீராகாது. நொய்யல் ஆற்றின் துயரத்தையும், 2011-இல் உயர் நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நெசவாளர் விடும் நீர் விவசாயியின் கிணற்றில்தான் ஊறுகிறது; இருவரும் கூட்டுறவாளரே.

இனி மருத்துவம். ஐரிஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கிழங்கு சீன மருத்துவத்தில் தொண்டை நோய்க்கு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதிலுள்ள டெக்டோரிஜெனின் முதலிய பொருள்கள் வீக்கத்தைத் தணிப்பதை உயிரணுக்களிலும் விலங்குகளிலும் கண்டுள்ளனர். இது நல்ல தொடக்கம், ஆனால் தொடக்கமே. கண்ணாடிக் குழாயில் கண்டது வேறு, நோயாளியிடம் கண்டது வேறு. மேலும், அது வேறு இனம். அதன் புகழை மஞ்சள் ஐரிஸுக்கு ஏற்றுவது முறையன்று. மஞ்சள் ஐரிஸின் கிழங்கைப் பச்சையாக உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். கால்நடைக்கும் அது தீங்கு. குழந்தைகளும் ஆடுமாடுகளும் நடமாடும் சங்க வளாகத்தில் இதனை மறத்தலாகாது.

மெய் வசம்பையே பாருங்கள். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று நம் தாய்மார் போற்றிய மருந்து. எலிகளுக்கு அதன் எண்ணெயைக் கொடுத்துச் சோதித்ததில் கட்டிகள் தோன்றவே, 1968-இல் அமெரிக்க அரசு அதனை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அதற்குக் காரணமான பீட்டா அசரோன் நம் நாட்டு வகையில் மிகுதி. ஐரோப்பிய வகையில் குறைவு. பழமை ஒன்றே சான்றாகாது. ஒரு வகைக்குக் கண்டது மற்றொரு வகைக்கும் ஆகாது.

அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை நம் ஏரி குளங்களை அடைத்த கதையும் நினைவுக்கு வருகிறது. மஞ்சள் ஐரிஸின் விதை நீரில் மிதந்து பரவும். கிழங்குத் துண்டும் தழைக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் அது தீங்குக் களையாக அறிவிக்கப்பட்டுள்ளது.

ஆகவே, ‘விஞ்ஞானம் நிரூபித்தது’ என்று எவரேனும் கூறின், அங்கத்தினர்கள் மூன்று வினாக்களை எழுப்புவார்களாக. எந்த நீரில் சோதித்தார்கள்? எப்பொருளை எவ்வளவு நீக்கிற்று? மருந்தாயின், மனிதரிடத்துச் சோதித்து உறுதி செய்தார்களா? இவற்றுக்கு விடை எழுத்தில் வரும்வரை சங்கத்தின் பணப்பெட்டி மூடியே இருக்கட்டும்.

குளியல், துவையல் நீரைச் சீர்செய்ய விரும்பும் சங்கங்கள், நம் மண்ணில் எளிதில் வளரும் கல்வாழையைச் சிறிய சரளைப் பாத்தியில் நட்டுப் பார்க்கலாம். சாயநீரோ முறையான சுத்திகரிப்பு நிலையத்துக்கே செல்லுதல் வேண்டும். மேற்கூறிய சங்கத்தார் தீர்மானத்தை ஒத்திவைத்து, முதலில் கழிவுநீரின் மாதிரியைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப முடிவு செய்தனர். செலவு சிறிது, பயனோ பெரிது. கேட்கத் தயங்காத அந்த முதியவரைப் போன்றோரே சங்கத்தின் உண்மையான காவலர் என்பது எமது துணிபு.